மாற்றி மாட்டிய மேல் தகடு

— அம்மா தாயே, அந்த ஸ்க்ரூவைத் தொடாத! கேமராவோட மேல் தகடு கழண்டா, திரும்ப மாட்ட நான்தான் மாரடிக்கணும்.

— கழட்டத்தானே கொண்டுவந்தேன், மெக்கானிக் சார்? நாளைக்கு வாங்குற ஆளு வர்றாரு. அவர் கேக்குற மாதிரி மாத்திக் குடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்.

— பிரிஞ்சு போய் இத்தனை வருஷம் கழிச்சு என் கடைப் படி ஏறினது இந்தக் கேமராவ விக்கத்தானா, டீச்சர்?

— என் மொத சம்பளத்துல வாங்கினது, விக்கிறேன். உங்களுக்கென்ன?

— எனக்கென்னவா? என்கிட்டயும் அதே மாடல் இருந்துச்சு. அதைச் சாக்கா வச்சுத்தானே உன்கிட்ட பேச்சே குடுத்தேன்!

— ஆமா, பெரிய பேச்சு! ஒரு மணி நேரம் லென்ஸைப் பத்தியே பேசினீங்க.

— சரி சரி. அந்த ஆளு என்னதான் சொல்றாரு?

— பாடி மொத பேட்ச்சாம், மேல் தகடு ரெண்டாவது பேட்ச்சாம். மொத பேட்ச்ல கம்பெனி பேரைத் தகட்டுலயே பள்ளமா வெட்டியிருப்பாங்களாமே? இதுல வெறும் அச்சு.

— கண்ணு உள்ளவங்க எல்லாருக்கும் தெரியறதுதான்.

— மழுப்பாதீங்க. ஏரிக்கரைப் படியில நான் கீழ போட்டப்போ, நசுங்கின மூலையைத் தட்டி நிமித்தி, அங்க மட்டும் கறுப்புப் பெயிண்ட் அடிச்சுட்டேன்னுதானே சொன்னீங்க?

— தட்டிப் பாத்தேன். இன்னொரு தட்டு தட்டியிருந்தா பித்தளை விரிசல் விட்டிருக்கும். நீ வேற சோறு தண்ணி இல்லாம உம்முனு உக்காந்திருந்த. மனசு கேக்கல. என் கேமராவோட தகட்டைக் கழட்டி உன்னோடதுல மாட்டிட்டேன். பெயிண்ட் மட்டும்தான் நிஜம்.

— அப்போ என் தகடு?

— இப்ப எதுக்கு அது?

— நசுங்கியிருந்தாலும் அதுதான் வேணுமாம் அவருக்கு. தூக்கிப் போட்டுட்டீங்களா? உள்ளதைச் சொல்லுங்க.

— விக்காத, டீச்சர். எத்தனையோ கேமராவுக்குத் தோல் மாத்திக் குடுத்திருக்கேன், தகடு மாத்திக் குடுத்திருக்கேன். இதைக் கழட்ட மட்டும் கை வரமாட்டேங்குது. நாம நல்லா இருந்த காலத்துல மாட்டினது.

— கேட்டதுக்குப் பதில்.

— உன் பிடிவாதம் மட்டும் உன்னை விட்டுப் போகாது! இந்தா, பாத்துக்கோ.

— இது உங்க கேமராவாச்சே... ஐயோ, என் தகடு! அதே மூலை, அதே நசுங்கல்! இதுக்குப் பெயிண்ட்கூட அடிக்கலையா?

— ஊர்ல உள்ள கேமராவுக்கெல்லாம் அடிப்பேன், இதுக்கு அடிக்க மாட்டேன். கடை தெறந்ததும் இதை ஒரு தடவை கையில எடுத்துப் பாத்தாத்தான் வேலையே ஓடும். போதுமா? குடு, கழட்டித் தொலைக்கிறேன். உன் ஆளு ஏமாந்து போகக் கூடாதுல்ல.

— வாங்குற ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நீங்க சரி பண்ணிக் கையில குடுத்ததும் எழுத்தைத் தடவிப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. அப்பவே தெரியும் எனக்கு. என் தகட்டை இன்னும் வச்சிருக்கீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்.