வீக்கம் வடிந்த பிறகு

மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும், ஐயா. பாதி நோய்கள் நாம் கை வைக்காமல் விட்டாலே போய்விடும். அதை வாய்விட்டுச் சொன்னால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் ஒரு களிம்பைக் கொடுத்து, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்புவோம். எங்கள் தெருவில் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே பெயராகிவிட்டது.

மாப்பிள்ளை என்னைத் தேடி வந்ததும் அந்தப் பெயரை நம்பித்தான். என் தங்கையின் கணவர். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. சிரித்தால் பக்கத்துக் கடைக்குக் கேட்கும். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து இருமல் மருந்து கேட்டார். கொடுத்தேன். போகவில்லை. ஓர் ஆண் இருமல் மருந்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றால் விஷயம் இடுப்புக்குக் கீழே என்று அர்த்தம். என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன்.

"மச்சான், உங்களத் தவிர யார்கிட்டயும் காட்ட முடியாது," என்றார்.

அலமாரிக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தேன். ஆணுறுப்பின் தோலுக்கடியில் ஒரு ரத்த நாளம் வீங்கிக் கயிறு மாதிரி தடித்திருந்தது. மேலே லேசான சிவப்பு. வேறொன்றும் இல்லை. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு வருவதுதான். சில வாரம் ஓய்வு கொடுத்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதைத்தான் அவரிடம் சொன்னேன். தளர்வாக உடுத்துங்கள், ஈரத்துணி வையுங்கள், கொஞ்ச நாள் தங்கச்சி என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். அன்று நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குத் தெரியக்கூடாது என்று கெஞ்சினார். அதனால் எனக்கு முதுகுப் பிடிப்பு என்று சொல்லி அவளை வரவழைத்தோம்.

அப்பா அம்மா போனபோது அவள் சின்னப் பிள்ளை. நான்தான் தலை வாரிவிட்டேன், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். அவளுக்காக என் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு, கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் நானேதான் விளக்கைப் போட வேண்டும். இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். குறை என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் திரும்பி வந்ததும் செருப்பை ஏன் கண்ட இடத்தில் விடுகிறீர்கள், ஏன் சவரம் செய்யவில்லை என்று பழையபடி திட்ட ஆரம்பித்தாள். நன்றாகத் தூக்கம் வந்தது.

மாப்பிள்ளைக்கு வீக்கம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. சந்தோஷமாக வந்து காட்டினார். அன்றுதான் களிம்பு கலந்து கொடுத்தேன். கால் ஆணிக்குப் போடுகிற மருந்து ஒன்று உண்டு, தோலைச் சுட்டு உரிக்கும். அதைக் கொஞ்சம் சேர்த்தேன். முழுசாகக் குணமாக வேண்டாமா, காலையும் மாலையும் தவறாமல் போடுங்கள் என்றேன். அடுத்த முறை காலை அகட்டி வைத்து நடந்து வந்தார். எரிகிறது என்றார். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றேன். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்.

இப்படியே போனது. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கு முதுகு சரியாகிவிட்டதே, நான் கிளம்பட்டுமா என்று கேட்பாள். என்றாவது பிறக்கும் பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள், என்னிடம் மட்டும் சொல்ல மறுத்தாள். மாப்பிள்ளைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம்.

பிறகு அவருக்கு வெளியூரில் வேலை வந்தது. போன இடத்தில் களிம்பு தீர்ந்துவிட்டது. போடாமல் விட்டார், ஆறிவிட்டது. பேருந்தை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். கையில் தங்கைக்கு வாங்கிய புதுச் செருப்பு.

"மச்சான், சுத்தமா போயிடுச்சு. இன்னிக்கே அவளக் கூட்டிட்டுப் போறேன்."

பார்த்தேன். தழும்புகூட இல்லை. அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள், ஒன்றும் ஓடவில்லை.

"போகல மாப்பிள்ளை. உள்ள போயிடுச்சு," என்றேன். "இனிமே ரத்தத்துலதான் இருக்கும். நீங்க கிட்ட போனா அவளுக்கும் வரும், பொறக்கற புள்ளைக்கும் வரும்."

பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று கேட்டார். ரத்தம் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், மனைவியையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஊரே சிரிக்கும் என்றேன். அவளுக்கு ஏற்கெனவே வந்திருக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டார், ஐயா. செருப்பை மேசைமேல் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே ஊரை விட்டுப் போனார். நான் வாங்கியது என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது.

அவர் வேறொருத்தியோடு போய்விட்டார் என்று தங்கையிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நாள் ஆக ஆக நம்பினாள். அழுகையும் ஒருவழியாக ஓய்ந்தது. இரண்டு வருடம் வீடு அமைதியாக இருந்தது.

நேற்று மாப்பிள்ளையோடு வேலை பார்த்தவர் ஒருவர் அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டாராம். சாதாரணக் காய்ச்சல்தானாம். மாத்திரையில் போயிருக்கும். ஆனால் ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறார். நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்போது எடுத்துப் பார்த்த ரத்தத்தில் அந்தக் காய்ச்சலைத் தவிர எந்த நோயும் இல்லையாம். 'என் மச்சான் டாக்டர் மாதிரி, அவர் சொன்னாத் தப்பாது' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வந்தவர் கள்ளம் கபடம் இல்லாமல் எல்லாவற்றையும் தங்கையிடம் சொல்லிவிட்டார்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவருக்கு என்னதான் இருந்துச்சு, அண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். ஒன்றும் இல்லாத ஆளுக்கு நோய் இருக்கிறது என்று நம்பவைத்துத் துரத்தியது நான்தான். காய்ச்சலை நான் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் நான் செய்ததுதான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

புகார் கொடுத்துவிட்டு அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம், கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும். சீக்கிரம் முடித்து என்னை அனுப்பினால் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்துவிடுவேன். பாவம் ஐயா, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?