ராஜகோபாலுக்கு வெச்ச பேரு

நீ நெய்யிடா, நான் ஒண்ணும் தறிய நிறுத்தச் சொல்லலியே. நீ பாட்டுக்கு நாடாவ ஓட்டிக்கினு இரு, நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கிறேன். உன் சம்சாரம் கலாவதி, வாங்க அந்தோணிண்ணான்னு வாயாரக் கூப்டுது. நீ தலயக்கூட தூக்கல.

ஃபோன் பண்ணா எடுக்க மாட்ற, அதான் முசரவாக்கத்துலருந்து நேர்லயே வந்துட்டேன். நாளைக்குக் காலேஜ் கிரவுண்டுல நம்ம ஃபுட்பால் டீமு மொத்தமும் வருதுடா. கதிர்வேலு ஓசூர்லருந்து வரான். அப்போ பந்தத் தொரத்திக்கினு ஓடுனவன், இப்போ வயித்துக்குள்ள ஒரு பந்த வெச்சிக்கினு நடக்குறான். தினகரன் பழைய ஜெர்சியப் போட்டுப் பாத்தானாம், கழுத்தோட நின்னுடுச்சாம். இன்னா, சிரிப்பு வருதுல்ல? சிரியேன், ஜரிக ஒண்ணும் அறுந்துடாது.

நீதான்டா அப்டியே இருக்கிற. அப்போ பின்னாடி நின்னுக்கினு ஒருத்தனத் தாண்ட வுட மாட்ட. கேப்டன்னு பேருக்குத்தான் நானு. முன்னாடி நின்னுக்கினு முடியக் கோதிக்கினு இருந்தேன்னு நீயே சொல்லுவ.

வரலியா? ஏன்?

ம்... தெரியும். போன வருஷம் உன் பொண்ணு கல்யாணத்துல நான் மைக்கப் புடிச்சிருக்கக் கூடாது. சம்பந்தி வீட்டாளுங்க முன்னாடி உன்ன ராஜகோபுரம்னு கூப்ட்டேன். பேரு வந்த கதையவும் சொல்லிட்டேன். வேலூர்ல ஃபைனல்ஸு, ஒரு கோல் பின்னாடி இருக்கிறோம், கடைசி நிமிஷத்துல பெனால்டி. நீ ஒதச்ச பந்து கம்பத்துக்கு மேல கோபுரம் ஒசரத்துக்குப் போயி, ரோட்டுல பழ வண்டி மேல வுழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச. ஆனா பந்தியில எல்லாரு எலைக்கும் வந்து இன்னா வேணும்னு கேட்ட, என் எலப் பக்கம் மட்டும் வரல.

அன்னிக்கு மைக்குல ஒண்ண மட்டும் சொல்லாம வுட்டுட்டேன்டா. பெனால்டின்னா எப்பவும் நாந்தான அடிப்பேன்? விசில் ஊதுனதும் காலு சுளுக்கிக்கிச்சுன்னு படுத்துட்டேன். பந்த உன் கையில குடுத்தேன். நீ அதுவரைக்கும் ஒரு பெனால்டி அடிச்சதில்ல. வேணான்டான்ன. கேப்டன் சொல்றேன், அடின்னேன்.

காலுல ஒண்ணும் இல்லடா. பயம். அம்மாம் ஜனம் பாத்துக்கினு இருக்குது, வெளிய போச்சுன்னா இன்னா பண்றது? அப்புறம் உனக்குப் பேரு வெச்சவனும் நாந்தான். எல்லாரும் உன்னப் பாத்து சிரிச்சிக்கினு இருந்தா, என் காலப் பத்தி எவனும் கேக்க மாட்டான்ல. இருவத்தெட்டு வருஷம் அதயே சொல்லி ஓட்டிட்டேன். நாளைக்கு எல்லாரு முன்னாடியும் இத சொல்லிடப் போறேன். அதுக்குத்தான் நீ வரணும்ன்றது.

இன்னாடா, தறிய நிறுத்திட்ட?

தெரியுமா? உனக்கா? எப்டி?

பஸ்ஸா... ஆமால்ல. மேட்ச் முடிஞ்சி பஸ் ஸ்டாண்டுல, காஞ்சிபுரம் வண்டி கெளம்புதுன்னு மொத ஆளா ஓடிப் போயி ஏறுனது நாந்தான். சன்னல் சீட்டப் புடிச்சி, பக்கத்துல உனக்கும் துண்டப் போட்டேன். நீ வந்து உக்காந்து தல குனிஞ்சிக்கின. அழுவுறன்னு நெனச்சேன்டா. என் காலத்தான் பாத்துக்கினு வந்தியா?

அன்னிக்கே தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியேடா நீ. ஒருத்தங்கிட்டயும் சொல்லல.

சரி. காலைல ஏழு மணிக்கு வண்டியோட வந்து வாசல்ல நிக்கிறேன். வருவல்ல?

இன்னா? காலா?

இப்போ நல்லாத்தான்டா இருக்குது.