மருந்து அறைக்குள் முப்பத்தொரு பேர்

கார்த்திகை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை எட்டு பத்து. தூறல். சிவகாசிப் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் கதை விளையாட்டு ஆடினார்கள். அவள் கதை சொல்வாள். அவன் அதில் வரும் வீரன். முடிவைப் பகடை சொல்லும்.

“நீ அரக்கனோட வெடிமருந்து அறை முன்னால நிக்க. தீ அம்பை விட்டா அவன் கதை முடிஞ்சது.”

“உள்ள யாருக்கா?”

“மருந்து கலக்குற குட்டி அரக்கனுக, முப்பத்தொண்ணு. அதுகளும் கெட்டதுகதான்.”

“கூலிக்கு வந்தவுகதான? சாப்பாட்டுக்கு எப்ப வெளிய வருவாக?”

“ஏலே, கதையில ஏதுலே சாப்பாட்டு மணி!”

“மருந்து அறைன்னா இருக்கும்க்கா. அதுவரைக்கும் அரக்கனை வாசல்ல தடுக்கேன்.”

“தனியாவா? ரெண்டு வருசமா வளத்த வீரன்லே. செத்தா செத்ததுதான்.”

“வீரன் நல்லவன்னு அவன் தாள்ல நீதான எழுதுன?”

டிபன் பெட்டி மூடியில் இருபது முகப் பகடையை உருட்டினான். உயிர் பிழைக்கப் பதினைந்து வேண்டும், விழுந்தது நான்கு.

அக்காள் பகடையை எடுத்துக்கொண்டாள்.

“மணி அடிக்கிற வரைக்கும் நின்னான்லே,” என்றாள். “முப்பத்தொண்ணும் வெளிய வந்த பெறகுதான் விழுந்தான்.”

“அப்பச் சரி.”

வழியில் திருத்தங்கலில் இறங்க வேண்டிய நான் சிவகாசியில் இறங்கினேன். திரும்பி வர டிக்கெட் பத்து ரூபாய்.