சத்தமில்லாத துவக்கு கேட்டவர்

தலைமைக் கதிரையை அணிசெய்யும் கமக்காரர் அமைப்பின் தலைவி சிவலட்சுமி அம்மா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே, வயல் வேலையையும் வளவு வேலையையும் இடையில் விட்டு வந்திருக்கும் தாய்மாரே, உழவு இயந்திரப் பெட்டிகளில் இருந்தபடியே செவிசாய்க்கும் தம்பிமாரே, நெடுங்கேணி மண்ணின் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் செய்தி. கமநல சேவை நிலைய அலுவலர் ஒருவர் இன்று காலை என்னிடம் நேரில் உறுதிப்படுத்தியது இது: பயிரைக் காக்கச் சுடும் துவக்கு வேண்டும் என்று இப்பகுதியில் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

பன்றி குறைந்துவிட்டதா? இல்லை. குரங்கு குடிபெயர்ந்துவிட்டதா? இல்லை. மயில் மனம் மாறிவிட்டதா? சிரிக்கிறீர்கள். உங்கள் சிரிப்பே பதில். அப்படியானால் துவக்கு ஏன் வேண்டாமற் போனது?

வவுனியாவில் கமத்துக்கு வேண்டிய விதை, உரம், வெடிச் சாமான் விற்கும் சின்னராசா அண்ணரிடம் போனேன். அவர் கணக்குப் பார்க்காமலே சந்தையின் கதையைச் சொன்னார்.

“சண்டை முடிஞ்சு மீளக் குடியேறின புதுசில சனம் வந்து, கொல்லுறது இருக்கோ எண்டு கேட்டுது. அனுமதி இல்லாமல் தரேலாது எண்டன். பிறகு, சத்தம் போடுறது இருக்கோ எண்டு வந்தினம். குழாய் வெடி வித்தன். இப்ப, சத்தம் போடாதது இருக்கோ எண்டு கேக்கினம். நான் என்னத்தையப்பா விக்கிறது?”

சத்தம் போடாததை முதலில் கேட்டவர் ஜெயரூபி. இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல அவரே அனுமதி தந்தார். காட்டோரத்தில் கணவர் வெட்டித் திருத்திய மேட்டுக்காணி அவருடையது. கணவர் இன்று இல்லை, காணி இருக்கிறது. போன இரண்டு மாரியும் விதைத்த கச்சான் கடலையைப் பன்றி கிண்டித் தின்றது. இந்த மாரி வெறுமையாய் விட்டால் பற்றைக்காடு மூடும். பற்றை மூடினால், “இது காடு” என்று வன இலாகாவினர் எல்லைக்கல் நடுவார்களோ என்பது அவரது பயம்.

காணியைக் கைவிடக் கூடாதென்றுதான் போன வருடமே குழாய் வெடி வாங்கினார். போன மாரியில் ஒரு மாலை, பெண்கள் களை பிடுங்கிக்கொண்டிருக்க, காட்டோரம் பன்றிக் கூட்டம் இறங்கியது. ஜெயரூபியின் தம்பி பிரசாந்தன் குழாயைக் கொளுத்தினார். வெடித்தது.

என்ன நடந்தது தெரியுமா? பன்றிகள் தலை நிமிர்ந்து பார்த்தன. மனிதர்கள் விழுந்தார்கள். முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து விழுந்தார்கள். அப்படி விழ யார் கற்றுத் தந்தார்கள் என்று இந்த மண்டபத்தில் நான் சொல்ல வேண்டுமா? கொளுத்திய பிரசாந்தனே முதலில் விழுந்தார்.

பன்றிகள் மீண்டும் குனிந்து தின்றன.

பக்கத்துக் காணி அருந்ததி சொன்னார்: “எழும்பு மச்சாள். பண்டி எங்களைப் பாத்துச் சிரிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயரூபி எழவில்லை. கிடந்தபடியே கேட்டார்: “திரும்பவும் மண்ணில முகம் வச்சுக் கிடக்கவோ இஞ்ச வந்தனாங்கள்?”

அடுத்த நாள் சின்னராசா அண்ணரின் கடையில் நின்றார்.

“ஏன் பிள்ளை, பண்டி பயப்பிடேல்லையோ?”

“பண்டி பழகீட்டுது அண்ணை. நாங்கள்தான் இன்னும் பழகேல்லை. சத்தமில்லாத துவக்கு இருக்கோ?”

“காத்துத் துவக்கு குரங்குக்குக் காணும். பண்டிக்கு அது நுளம்பு கடிச்ச மாதிரி.”

வெறுங்கையோடு திரும்பினார். பின்வரிசையில் ஓர் அண்ணர், “அப்ப தகரம் தட்டச் சொல்லுங்கோ” என்கிறார். தட்டினார்கள் அண்ணை. அதற்கும் பழகிவிட்டன.

அன்பானவர்களே, சந்தை கேட்பது ஒன்று. நெஞ்சு கேட்பது வேறொன்று. கொல்வதைக் கேட்டோம், வெடிப்பதைக் கேட்டோம், ஓசையற்றதைக் கேட்டோம். கடை கடையாகக் கேட்டோமே, நாம் ஏங்கியது துவக்குக்கா? கச்சான் செடியைப் பிடுங்கும்போது மண் நெகிழ்ந்து வேர் விடுபடும் சின்ன ஓசை இருக்கிறதே, அதைக் கேட்க ஏங்கினோம். அந்த ஓசையை அமைதியாகக் கேட்கும் ஒரு மாலைக்கு ஏங்கினோம். விழாமல் நிற்கும் கால்களுக்கு ஏங்கினோம். ஜெயரூபியின் ஏக்கம் அதுதான். உங்கள் ஏக்கமும் அதுதான். இல்லையென்று சொல்ல ஒருவர் எழுந்தால், நான் இத்துடன் அமர்ந்துவிடுகிறேன்.



அதனால்தான் விண்ணப்பங்கள் திரும்பின. துவக்குக்குப் பதிலாக, காட்டோரம் முழுவதற்கும் சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலி கேட்டு இப்போது ஒரே கோரிக்கை போயிருக்கிறது. ஜெயரூபியும் துவக்குக்குக் கொடுத்திருந்த தன் விண்ணப்பத்தை மீட்டு, இந்தக் கோரிக்கையில் கையொப்பம் வைத்திருக்கிறார்.

அதற்கு இன்னும் பதில் வரவில்லை. புரட்டாதி முடியுமுன் முடிவு தெரியும் என்று அலுவலர் சொன்னார். ஐப்பசியில் மழை இறங்கிவிடும். அந்த மேட்டுக்காணி இன்று வரை உழப்படவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேசவிட்ட தலைவி அவர்களுக்கும், பெயர் தந்த ஜெயரூபிக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.