சேக்காட்டு மாடி ரூம்

தாட்சாயிணி: இன்னொரு இட்லி வைக்கிறேன்... தட்ட மறைக்காதீங்க.

எழிலரசி: போதுமுங்க, போதுமுங்க! இதென்னங்க கொழம்பு? சோம்பு வாசம் தூக்குது.

தாட்சாயிணி: வடகறிங்க. இட்லி மேல ஊத்தி, பெசஞ்சு சாப்டுங்க. உங்க திருச்செங்கோட்ல கெடையாதா?

எழிலரசி: எங்கூர்ல தேங்காச் சட்னியோட சரிங்க. இது நல்லாத்தான் இருக்குது. வந்து தங்குறவங்க எல்லாத்துக்கும் காலைல இதேதானுங்களா?

சம்பத்: எல்லாருக்கும் இதே தாம்மா. போன வாரம் கேரளாக்காரங்க வந்தாங்க, அவங்க கூட...

தாட்சாயிணி: நெல்லூர்காரங்க.

சம்பத்: ஆங்... நெல்லூரு. கேரளா அதுக்கு முன்ன வாரம்.

எழிலரசி: மெத்தைக்கு பிளாஸ்டிக் கவரு கூடப் பிரிக்கலீங்களே. பொரண்டு படுத்தா சரசரங்குது.

தாட்சாயிணி: அது... அடிக்கடி புதுசு மாத்திடுவோங்க. சுத்தம் முக்கியம் பாருங்க.

சம்பத்: ஆமாம்மா. ஆளுக்கு ஒரு மெத்த.

தாட்சாயிணி: யோவ், நீ உள்ள போயி சட்னி எடுத்துகினு வா.

எழிலரசி: அண்ணன் வெகுளியாட்ட இருக்குது.

தாட்சாயிணி: நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அப்டித்தான். கண்டுக்காதீங்க.

எழிலரசி: ஏனுங்க, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. வயசுப் பொண்ண வீட்ல வெச்சுக்கிட்டு முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு ரூம் விடுறீங்களே... பயமா இல்லீங்களா?

தாட்சாயிணி: வயசுப் பொண்ணு கீறான்னு உங்களுக்கு யாரு சொன்னா?

எழிலரசி: அது... கொடில சுடிதாரு காயுதுங்களே. ஹால்ல போட்டோ வேற.

தாட்சாயிணி: ராதிகாங்க. ஒரே பொண்ணு. முகப்பேர்ல சித்தி ஊட்டுக்குப் போயிக்கீறா.

எழிலரசி: பாக்கலாம்னு நெனச்சேன்... சும்மாத்தானுங்க.

தாட்சாயிணி: அது இருக்கட்டும், உங்க சொந்தக்காரங்க கல்யாணம் எத்தினி மணிக்கு? நம்ம சேக்காட்டுக்குப் பக்கத்துல, ஆவடியில ஏதோ மண்டபம்னீங்களே. முகூர்த்தம் முடிஞ்சிருக்குமே இந்நேரம்?

எழிலரசி: தூரத்துச் சொந்தந்தானுங்க... சாப்பாட்டுக்குப் போனாப் போதும்.

சம்பத்: எந்த மண்டபம்மா? நான் வண்டில உட்டுட்டு வரேன்.

எழிலரசி: வேண்டாமுங்கண்ணா. பேரு... மறந்துபோச்சு.

சம்பத்: மாப்ள பேரு சொல்லுங்க, விசாரிச்சுக்கலாம்.

தாட்சாயிணி: அவங்கள துன்ன வுடுய்யா! சட்னி எங்க?

சம்பத்: ஐயோ, மறந்துட்டேன்...

எழிலரசி: பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?

தாட்சாயிணி: அவளே பாத்துக்கினா. அம்பத்தூர்ல கூட வேல செய்யுற பையன்.

எழிலரசி: அடடா... நீங்களும் சரின்னுட்டீங்களா?

தாட்சாயிணி: தங்கமான புள்ளைங்க. ஆனா ஒண்ணு... வேணாம், வுடுங்க.

எழிலரசி: அட, சொல்லுங்க. நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?

தாட்சாயிணி: அம்மாவுக்குப் பயந்த புள்ள. அவங்க வேணாம்னு ஒரு சத்தம் போட்டா, கண்ண தொடச்சிகினு எம் பொண்ண வுட்டுட்டுப் பூடுவாரு...

எழிலரசி: யாரு? எம்பட ஜெகனா? பள்ளிக்கூடம் போறப்பவே அவன் தாத்தனை எதுத்துப் பேசுனவனுங்க! அவனா பயந்தவன்? யாருகிட்ட வந்து...

சம்பத்: சட்னி...

தாட்சாயிணி: அங்க வெச்சுட்டு வந்து குந்து. தண்ணி குடிங்க சம்பந்தி.

எழிலரசி: அப்புடிக் கூப்புடாதீங்க, இன்னும் ஒண்ணும் முடிவாகலை. ஆமாங்க, நான் அவன் அம்மாதான். கல்யாணமும் இல்லை, மண்டபமும் இல்லை. ஆளு விட்டு விசாரிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பொண்ணு பாக்க வந்தா நீங்களும் பட்டுச்சேலையும் கேசரியுமா நிப்பீங்க. அதுல என்னத்தக் கண்டுபுடிக்கிறது? அதான் முன்னப்பின்ன தெரியாதவளா வந்தனுங்க.

சம்பத்: எங்க ஊடுன்னு எப்டிம்மா...

எழிலரசி: பொண்ணு வீட்ல மாடியை ரூமா விடுறாங்கன்னு ஜெகனே உளறிட்டானுங்க. நைசாப் பேசி வாயைப் புடுங்கிட்டேன். நம்பரையும் அவன் போன்ல இருந்தே எடுத்துட்டேன். நான் இங்க இருக்கறது அவனுக்கே தெரியாது!

சம்பத்: அவருக்குத் தெரியாதா?

தாட்சாயிணி: நீ சும்மா கீறியா? வந்தீங்க, பாத்தீங்க. சொல்லுங்க, எங்ககிட்ட இன்னா கொற? எம் பொண்ணு சரியா சாப்டறதில்ல, சிரிக்கிறதில்ல. உங்க ஒரு வார்த்தைக்குத்தான் காத்துகினு கீறா. பெத்தவளா எனுக்கு அதப் பாக்க முடியல.

எழிலரசி: கொறைன்னு ஒண்ணுமில்லீங்க. அதுதான் எனக்கு எரிச்சலா இருக்குது. நேத்து ராத்திரி கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், வெந்நி வெச்சுக் குடுத்தீங்க, உக்காந்து தைலம் தேச்சீங்க. எங்க நாத்தனா கூட அப்புடிச் செய்ய மாட்டா. பொண்ணும் போட்டோவுல லட்சணமா இருக்குது. ஆனாலும்...

சம்பத்: ஆனாலும்?

எழிலரசி: காசு குடுத்தா எவன் வேணும்னாலும் வந்து படுத்துட்டுப் போற வீடுங்க இது. நாளைக்குப் பங்காளிக கேட்டா, எங்க சம்பந்தி வீடு லாட்ஜுன்னா சொல்லட்டும்? என்னால முடியாதுங்க. அது ஒண்ணுக்காகவே வேண்டாம்னு சொல்லீட்டுக் கெளம்பலாம்னு இருக்கறேன்.

சம்பத்: ஐயையோ... தாட்சாயிணி, சொல்லிடு.

தாட்சாயிணி: சொல்லமாட்டேன்னு அவருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துக்கீறோம்யா.

சம்பத்: சத்தியத்தப் பாத்தா பொண்ணு வாழ்க்க பூடும். சொல்லு!

எழிலரசி: என்னத்தச் சொல்லோணும்? யாருக்குச் சத்தியம்?

தாட்சாயிணி: உங்க புள்ளைக்குத்தாங்க. இந்த ஊட்ல உங்களுக்கு முன்னாடி ஒருத்தரும் வந்து தங்கல, இனிமேலும் தங்கப்போறதில்ல. "மொறையா கூப்ட்டா எங்கம்மா உங்க வாசப்படி ஏறமாட்டாங்க அத்தே, காசு குடுத்து குத்தம் கண்டுபுடிக்கிற எடம்னா மொத வண்டிய புடிச்சு வந்துடுவாங்க"ன்னு சொல்லி, கட்டிலும் மெத்தையும் அவரே வாங்கியாந்து மாடில போட்டுட்டு, ஊருக்கு வந்து உங்ககிட்ட உளறுறா மாதிரி உளறுனாரு. பங்காளிங்க கேட்டா தாராளமா சொல்லுங்க... லாட்ஜு தான், ஆனா தொறந்தது உங்க ஊட்டுப் புள்ளன்னு.