"எந்திரிங்கய்யா!" என்று அதட்டிய உபதேசியார்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, உபதேசியாரின் துணைவியார் அமுதவள்ளி அம்மாள் அவர்களே, ராசிங்காபுரத்திலிருந்தும் மலை எஸ்டேட்டுகளிலிருந்தும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு வந்திருக்கும் சபையாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

சபைச் செயலாளராக இருபது வருடம் அன்புச்செல்வன் உபதேசியாரோடு சண்டை போட்டவன் இந்தப் பிச்சைமணி. இன்று இந்த நினைவுக் கூட்டத்தில் அவரைப் புகழத்தான் எழுந்தேன். ஆனால் அவருடைய அடக்க ஆராதனையில் காதில் விழுந்த இரண்டு பேச்சுகள் என்னை விடமாட்டேன் என்கின்றன. "பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாரே, என்ன பாவமோ" என்றார் ஒருவர். "நாம இன்னும் விசுவாசமா ஜெபிச்சிருந்தா பொழச்சிருப்பாரு" என்றார் இன்னொருவர். ஐயோ! இத்தனை வருடம் அவர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதையா?

அதோ, மூன்றாவது வரிசையில் சூர்யகலா உட்கார்ந்திருக்கிறாள். நாலு வருடத்துக்கு முன் மேலே எஸ்டேட்டில் களை எடுக்கும்போது அவளைப் பாம்பு கடித்தது. நாம் என்ன செய்தோம்? ஜெபவீட்டில் கிடத்தி, சுற்றி முழங்கால் போட்டோம். கடவுள் கைவிட மாட்டார் என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன். வாசலில் ஜீப்பு சும்மா நின்றது!

உபதேசியார் ஓடி வந்தார். பீடத்துக்கு முன்னால் இருமக்கூடத் தயங்குகிற மனிதர், அன்று அதட்டினார்.

"எந்திரிங்கய்யா! கடவுள்ட்ட பயமே இல்லையா? காப்பாத்துறாரா இல்லையான்னு இந்தப் பிள்ளைய வச்சு அவரைச் சோதிச்சுப் பாக்குறீங்களா? பிச்சைமணி அண்ணே, ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க, வெரசா!"

மெட்டு மலைச் சாலையில் ஜீப்பு இறங்கும்போது சூர்யகலா அவரிடம் கேட்டாள். "அண்ணே, ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழமையும் சோலிக்குப் போயிட்டேன். அதுக்குத்தான் தண்டிச்சுட்டாரா?"

"ஏ ஆத்தா, பாம்ப மிதிச்ச, கடிச்சிருச்சு. அம்புட்டுத்தான். பெத்த அப்பன் பிள்ளை மேல பாம்ப ஏவி விடுவானா? என் கையப் பிடிச்சுக்க. அவரும் நம்மகூடத்தான் வர்றாரு."

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள், பிழைத்தாள். அடுத்த ஞாயிறே நாம் என்ன சாட்சி சொன்னோம்? "எங்க ஜெபந்தான் காப்பாத்துச்சு!" உபதேசியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவரே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பத்தாம் நாள் அவரிடம் கேட்டேன், பயமாக இருக்கிறதா என்று. "இருக்குண்ணே. அவரு முன்னால போயி நிக்கணும்ல, பயம் இல்லாம இருக்குமா? ஆனா விரட்டி விடுறவர்கிட்டயா போறேன்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். இதற்குப் பிறகும் அவர் பாவத்தை நாம் தேடுகிறோமே, நமக்கு வெட்கமாக இல்லையா?

அவர் பெயரில் பளிங்குக் கல் வைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். வையுங்கள். ஆனால் மலையில் பெரியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து, கடவுள் தன்னைச் சபித்துவிட்டார் என்று கதவைச் சாத்திக்கொண்டவள். சனிக்கிழமை தவறாமல் உபதேசியார் அவள் வாசலில் போய் நின்றார். இனி யார் நிற்பது?

நான் போகிறேன். எனக்குப் பிரசங்கம் வராது. அவள் கதவைத் திறப்பாளா என்றும் தெரியாது. திறக்கும்வரை போவேன். உங்களில் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், அதை நிறையப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மலைக்குப் பஸ்சு. வந்து நில்லுங்கள்.