தாளின் குறுக்கே லக்மா எழுதியது

பெயர் சுபாஷிணி, வயது 36, கணவர் பெயர் வாஞ்சிநாதன், வசிப்பது மட்டாஞ்சேரி கொச்சங்காடியில். மொய்து என்பவரின் மிளகு, ஏலம் முதலான மலைச்சரக்குப் பண்டகசாலையில் பதினோரு வருடமாக மேற்பார்வை வேலை செய்து வருகிறேன். விசாரணையில் உள்ள எழுத்து தமிழில் இருப்பதாலும் என் வீட்டுப் பேச்சு தமிழ் என்பதாலும், பாலக்காட்டுக்காரரான காவலர் வெங்கிடேஸ்வரன் இதைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

இறந்துபோன லக்மா 2019ஆம் வருடம் எங்கள் பண்டகசாலையில் சுமை வேலைக்குச் சேர்ந்தான். வயது முப்பது இருக்கும். மனைவி ஜைமணியுடன் பள்ளுருத்தியில் வாடகை அறையில் இருந்தான். வடக்கே காட்டுப்பக்கம் உள்ள சிர்மாபாடா அவன் ஊர். அவனும் அவன் அப்பாவும் ஞானஸ்நானம் பெற்றதால் ஊர்க்காரர்கள் அடிகுழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்றும், அதனால் கிளம்பி வந்ததாகவும் ஒருநாள் சாயா குடிக்கும்போது சொன்னான். யார் மேலும் அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மூட்டை சுமக்கும்போது ஜெபப் பாட்டுப் பாடுவான். அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கே கோபம் வரும்.

எங்கள் சரக்கு பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குப் போவதால் மூட்டையின் மேல் தமிழில் எழுதுவது வழக்கம். ஈரமோ பூஞ்சையோ பிடித்த மூட்டை தவறிக்கூட லாரியில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, மேலே எழுதிய சரக்கின் பெயரை அடித்து, மூலைக்கு மூலை குறுக்காக ‘தள்ளியது’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போடுவோம். லக்மாவுக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பார்த்துப் பார்த்து இந்த ஒரு வார்த்தையை மட்டும் படம்போல வரையப் பழகியிருந்தான். அவன் போடும் இரண்டாவது கோடு முடியும் இடத்தில் எப்போதும் மேல்நோக்கி வளையும். “உன் கோடு மட்டும் ஏண்டா ஆகாசத்தைப் பாத்துண்டு போறது?” என்று கேலி செய்வேன். “அங்கே தானே சேச்சி போணும்” என்று சிரிப்பான்.

அதன் பின்பு, இந்த வருடம் ஜனவரியில் அவன் அப்பா இறந்துபோனார். குடும்பம் கிறிஸ்துவை விட்டால்தான் ஊர் மண்ணில் அடக்கம் செய்ய விடுவோம் என்று ஊரில் தடுப்பதாகத் தகவல் வந்தது. “அப்பாவை மண்ணுல வெச்சிட்டு வரேன் சேச்சி” என்று சொல்லிவிட்டு 11ஆம் தேதி ரயிலேறினான். வழிக்குச் சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தேன். 19ஆம் தேதி அவன் பாறையிலிருந்து விழுந்து இறந்துவிட்டதாக ஊரிலிருந்து ஜைமணிக்குப் போன் வந்தது.

அதன் பின்பு 23ஆம் தேதி அந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்து ஒருவர், அவனிடம் வேலை வாங்கியவள் என்று என்னை அழைத்து, போனில் ஒரு படம் அனுப்பி, இது லக்மாவின் எழுத்தா என்று கேட்டார். படத்தில் ‘யது’ என்று ஏதோ வார்த்தையின் கடைசி இரண்டு எழுத்தும் கீழே இரண்டு கோடும் மட்டுமே இருந்தன. அந்த நேரம் லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. வளைந்த கோட்டைக் கண்டதும் அவனையே கண்டதுபோல இருந்ததால், என்ன தாள், எதற்கு என்று கேட்காமல், அவன் எழுத்துதான் என்று சொல்லிவிட்டேன். அது என் புத்திகெட்ட வேலை. அதை வைத்து, அவன் ஊர்க்கூட்டத்தில் கிறிஸ்துவை விடுவதாக மனமொப்பிக் கையெழுத்திட்டான், ஊருக்கும் அவனுக்கும் பகையில்லை, சாவு விபத்து என்று அந்த நிலையத்தில் எழுதியிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

புருஷன் செத்ததைத் தாங்கிய ஜைமணியால் இதைத் தாங்க முடியவில்லை. சுவரிலிருந்த சிலுவைக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள். கஞ்சி கொண்டுபோனால் தொடமாட்டாள். “அவர் யேசுவை விட்டுட்டார்னா, செத்தப்புறம் நான் எங்க போய் அவரைப் பாப்பேன் சேச்சி?” என்று கேட்டாள். நான் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் என் வாயால் வந்த வினை இது என்பது நெஞ்சை அறுத்தது. மொய்து இக்காவிடம் சொன்னபோது, “முழு மூட்டையும் பாக்காம நாம தள்ளியிருக்கோமா மோளே? தாளை முழுசாக் காட்டச் சொல்லு” என்றார். அதன் பின்புதான் ஜைமணியின் வக்கீல் மூலம் மனு கொடுத்தோம்.

இன்று மட்டாஞ்சேரி நிலையத்தில், அங்கிருந்து வந்த அதிகாரி முழுத்தாளையும் என் முன் வைத்தார். கிறிஸ்துவை விடுவதாக உறுதி சொல்லும் தாள் என்றார்; இந்தியில் அச்சடித்திருந்தது. அடியில் கையெழுத்துப் போட விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது. அச்சடித்த வரிகளின் மேல், மூலைக்கு மூலை, குறுக்காக, ‘தள்ளியது’ என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கோடு. இரண்டாவது மேல்நோக்கி வளைந்திருந்தது. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அதில் விரல் படாமல் தாளைப் பிடித்துப் பார்த்தேன்.

வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னதும், தன் மதத்தைத் தள்ளியதாக எழுதினானோ என்று அதிகாரி கேட்டார். எந்த மூட்டையைத் தள்ளுகிறோமோ அதன் மேலேயே எழுதுவோம், அவன் அந்தத் தாளின் மேல் எழுதியிருக்கிறான், தள்ளியது அந்தத் தாளைத்தான் என்று சொன்னேன். அன்று ஊர்க்கூட்டத்தில் சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாததால் கையெழுத்து என்று நினைத்திருக்கலாம். சந்தேகம் தீர, லக்மா எழுதிய பழைய சாக்கு ஒன்றை ஒப்படைக்கக் கொண்டுவந்திருந்தேன்.

அதன் பின்பு அனுமதி கேட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜைமணியிடம் போய் விஷயத்தைச் சொல்லி, சாக்கை விரித்துக் காட்டினேன். அவள் இரண்டாவது கோட்டின் மேல் விரலை வைத்து, மெதுவாக, வளைவு முடியும்வரை கொண்டுபோனாள். பிறகு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, பசிக்கிறது என்றாள். நான் சொல்லி முடிக்கும்வரை சாக்கு அவள் மடியிலேயே இருக்கட்டும் என்று காவலர் விட்டார்.

எழுத்து லக்மாவுடையது என்று நான் முன்பு போனில் சொன்னது உண்மை. அவன் ஒப்புக்கொண்டான் என்று அதிலிருந்து எழுதியது உண்மையல்ல. அதைத் திருத்தி, அவன் எப்படிச் செத்தான் என்பதை மறுபடி விசாரிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இதில் கண்டவை யாவும் நான் அறிந்து, என் வாயால் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டேன். இம்முறை தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சுபாஷிணி
மட்டாஞ்சேரி, 12.03.2024